பாவலர் பிரதர்ஸ்: ஒரு அண்ணன் போட்ட மேடை

நவரைப் பட்டத்துக்கு ரெண்டு ஏக்கர் நடவு ஒருவழியா முடிஞ்சது. நட்டது மேற்கு வங்காளத்துப் பசங்க ஆறு பேர். மறைமலை நகர், ஒரகடம் சுத்துவட்டாரத்துல இருக்கிற எங்க ஊர்கள்ல இப்ப நடவுக்கு உள்ளூர்ப் பொம்பளைங்க கிடைக்கிறது குதிரைக் கொம்பு. இளசுங்க காலையில கம்பெனி பஸ் ஏறிடுறாங்க. வயசானவங்க நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க. மிச்சம் இருக்கிற கழனியை யாராவது நட்டுத்தானே ஆகணும்.

பசங்க வரப்பு மேல ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சு அவங்க ஊர்ப் பாட்டைப் போட்டுக்கிட்டு வேலை பார்த்தாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, எனக்கு மரியாதை பண்றதா நினைச்சோ என்னவோ, ஒரு பையன் இளையராஜா பாட்டு ஒண்ணு போட்டான். நாத்து பறிக்க வந்திருந்த எங்க தெரு ஆயா ஒருத்தங்க காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டாங்க.

"ஏம்பா, இது நாங்க நடவுல பாடுற மெட்டாச்சே. இந்த ஆளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"அவரும் ஊர்க்காரர்தான் ஆயா. மதுரைக்கு மேக்கால, மலையடிவாரம்."

"சினிமாவுக்கு வர்றதுக்கு முன்ன எங்க பாடினாரு?"

"கட்சி மேடையில. அண்ணன் தம்பிங்க சேர்ந்து ஒரு குழு வச்சிருந்தாங்க. பத்து வருசம் ஊர் ஊரா பாடினாங்க."

"அப்ப பெரியவரு யாரு? அண்ணன் பேரு இன்னா?"

சொன்னேன். ஆயாவுக்குத் தெரியலை. பக்கத்துல டிராக்டர் ஓட்ட வந்த பையனுக்கும் தெரியலை. "இவ்ளோ வருசமா பாட்டு கேக்குறோம், அண்ணன் பேரு தெரியலையே" என்று ஆயா சொன்னது எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. அதனால்தான் இந்தப் பதிவு. இளையராஜாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போறது அவரு தம்பியா இருந்த குழுவைப் பற்றி. பேரு, பாவலர் பிரதர்ஸ்.

கீழே நெல்லு, மேலே தேயிலை

பண்ணைப்புரம் இன்றைக்குத் தேனி மாவட்டம். அந்தக் காலத்தில் மதுரை மாவட்டம். தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிப் போகிற பள்ளத்தாக்கு அது. கீழே நெல்லும் வாழையும் தென்னையும். தலையைத் தூக்கினால் மலை. மலைக்கு மேலே தேயிலையும் ஏலக்காயும். கீழே வேலை இல்லாத நாளில் ஜனம் மேலே ஏறிப் போகும். இன்றைக்கும் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பொம்பளைங்க விடியறதுக்கு முன்ன ஜீப்ல அடைச்சுக்கிட்டு ஏலத் தோட்டத்துக்குப் போய் சாயங்காலம் இறங்கி வர்றாங்க. எங்க பக்கம் கம்பெனி பஸ் எப்படியோ, அங்க அந்த ஜீப்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப, மலைக்கு மேலே இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவுக்குப் போயிடுச்சு. அங்க தோட்டத்துல வேலை செஞ்சது பெரும்பாலும் தமிழ் ஜனம். நிலம் கேரளா, தொழிலாளி தமிழ், முதலாளி பெரும்பாலும் வெள்ளைக்காரன் கம்பெனி. இந்த மூணையும் மனசுல வச்சுக்குங்க. பாவலர் பிரதர்ஸுக்கு முதல் பெரிய மேடை கிடைச்சது இந்த இடத்துலதான்.

பண்ணைப்புரத்தில் டேனியல் ராமசாமி குடும்பத்தில் மூத்தவர் வரதராஜன். அவருக்குக் கீழே பாஸ்கர், ராசய்யா, அமர். ராசய்யாதான் பின்னாளில் இளையராஜா. அமர்தான் கங்கை அமரன். ராசய்யா சின்னப் பையனா இருந்தப்பவே அப்பா தவறிட்டார். அம்மா சின்னத்தாயம்மாள்.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். சொந்தமாகப் பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார். பாட்டு எழுதுகிறவர் என்பதால் ஜனங்க அவரைப் பாவலர் என்றார்கள். அந்தப் பேரையே குழுவுக்கும் வைத்தார்கள். நாடகத்துல டி.கே.எஸ். பிரதர்ஸ் புகழோட இருந்த காலம் அது. 'பிரதர்ஸ்'னு பேரு வச்சா ஜனத்துக்கு உடனே புரியும்: இது ஒரு குடும்பம், இதுல எல்லாரும் கலைஞர்கள்.

கூட்டத்துக்கு முன்னாடி பாட்டு

இப்ப இருக்கிற நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் காலக் கட்சிக் கூட்டம் எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம்னு நோட்டீஸ் போடுவாங்க. தலைவர் வர ராத்திரி பத்து ஆகும், பன்னெண்டும் ஆகும். அதுவரைக்கும் ஜனத்தைக் கலையாம உட்கார வைக்கணும். அந்த வேலை பாட்டுக்காரனோடது.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரியது இல்லை. தி.மு.க. மேடையில் நாகூர் ஹனிபா இருந்தார். அவர் குரல் குழாய் ஸ்பீக்கர்ல கேட்டா நாலு ஊர் ஜனம் கிளம்பி வரும். கம்யூனிஸ்ட் கட்சியில் ஜீவாவே பாட்டு எழுதினவர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாய இயக்கத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். 1959-ல சாகிறப்ப அவருக்கு வயசு 29. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கே.பி.ஏ.சி. நாடகக் குழு 1952-லிருந்து ஒரு நாடகத்தைப் போட்டுப் போட்டே கட்சியை வளர்த்தது. அந்த வரிசையில்தான் வரதராஜன் வர்றார்.

ஏன் பாட்டு? காரணம் ரொம்ப சாதாரணம். 1961-ல சென்னை மாநிலத்துல பத்துப் பேர்ல சுமாரா மூணு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். தோட்டத் தொழிலாளி, கூலி விவசாயி மத்தியில அதுவும் இருந்திருக்காது. துண்டுப் பிரசுரம் அடிச்சுக் குடுத்தா பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். பாட்டா குடுத்தா மறுநாள் வேலைக்காட்டுல வாயில வரும்.

1958 தேவிகுளம்

1957-ல கேரளத்தில் நடந்த முதல் தேர்தலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 126 இடத்தில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சை 5. அதாவது கயிற்று மேல நடக்கிற ஆட்சி. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாதுன்னு தீர்ப்பு வந்து, 1958-ல அங்கே இடைத்தேர்தல் வந்துடுச்சு. தோத்துப்போனா ஒரு சீட்டு மட்டும் இல்லை, அரசாங்கத்தோட மானமும் போகும்.

ஓட்டுப் போடப் போறவங்கள்ல பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளிங்க. மலையாளத்துல பேசி அவங்க மனசைத் தொட முடியாது. அப்பதான் மலையடிவாரத்துலேருந்து ஆர்மோனியத்தோட வரதராஜன் மலை ஏறினார். லயம் லயமாப் போய் பாடினார். லயம்னா சங்கீத லயம் இல்லை, தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு. ராசய்யாவும் அந்தச் சமயத்துலதான் அண்ணன் கூடப் பாட ஆரம்பிச்சார். வயசு 14, 15 இருக்கும்.

ரோசம்மா மறுபடியும் ஜெயிச்சார். அந்த ஆட்சி 1959 ஜூலை 31-ஆம் தேதி கலைக்கப்பட்டது வேற கதை. பாட்டு ஒண்ணாலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல வரலை. கட்சி வேலை செஞ்சவங்க ஆயிரக்கணக்கானவங்க. ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ராத்திரி, குளிரு, நாளெல்லாம் கொழுந்து கிள்ளிட்டு வந்த ஜனம். அவங்க முன்னாடி நின்னு அரை மணி நேரம் பிடிச்சு வைக்கணும். பிடிக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க, கைதட்ட மாட்டாங்க. ஒரு 14 வயசுப் பையன் கத்துக்கிட்ட முதல் பாடம் அது.

மெட்டு அவங்களது, சொல்லு நம்மது

குழு எப்படி வேலை செஞ்சதுன்னு பார்த்தா, எனக்கு நாத்தங்கால்தான் ஞாபகத்துக்கு வருது.

மேடைப் பாட்டுல பாதி, சினிமா மெட்டு. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச மெட்டை எடுத்து, அதுல கூலி, விலைவாசி, குத்தகை, தேர்தல்னு புதுச் சொல்லைப் போட்டுப் பாடுவாங்க. மெட்டு தெரிஞ்சதா இருக்கிறதால ஜனம் ரெண்டாவது அடியிலேயே கூடப் பாட ஆரம்பிச்சிடும். மெட்டைப் புரிய வைக்க நேரம் வீணாகாது. முழுக் கவனமும் சொல்லு மேல விழும்.

அந்தச் சினிமா மெட்டு ஊருக்கு எப்படி வந்துச்சு? 1952-ல மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்துல அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வச்சிருச்சு. அதனால ஜனம் எல்லாம் இலங்கை வானொலிக்குப் போயிடுச்சு. டீக்கடை ரேடியோவுல சிலோன்தான். 1957 அக்டோபர்ல விவித பாரதி வந்த பிறகுதான் நம்ம வானொலி கொஞ்சம் இறங்கி வந்தது. 60-கள்ல விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுல கிட்டார், பாங்கோ, அக்கார்டியன் எல்லாம் சரளமா வர ஆரம்பிச்சது. மேல்நாட்டுத் தாளம் நம்ம டீக்கடைக்கு வந்த வழி அதுதான். பண்ணைப்புரத்துப் பிள்ளைங்க அதை டீக்கடையில கேட்டு, வீட்டுல வந்து ஆர்மோனியத்துல தேடிக் கண்டுபிடிச்சு, தபலாவுல தாளம் போட்டு மேடை ஏத்தினாங்க.

நோட்டேஷன் கிடையாது, டேப் ரெக்கார்டர் கிடையாது. ஒரு பாட்டை ரெண்டு, மூணு தடவை காதுல வாங்கி, அதோட ராகம், இடையிசை, பின்னணி எல்லாத்தையும் மனசுல பிரிச்சு வச்சுக்கணும். அப்புறம் நாலு பேரும் ரெண்டு, மூணு கருவியும் வச்சுக்கிட்டு இருபது பேர் வாசிச்ச பாட்டை ஜனத்துக்குக் காட்டணும். எதை விட்டாலும் பரவாயில்லை, எதை விட்டா பாட்டு செத்துப்போகும்னு தெரிஞ்சிருக்கணும். காசு குடுத்து இந்தப் படிப்பைப் படிக்க முடியாது.

பெண் குரலுக்கு ஆள் கிடையாது. அதனால சின்னப் பையன் ராசய்யாதான் ஆரம்பத்துல பெண் குரல்ல பாடினார். குரல் உடைஞ்ச பிறகு அந்த இடம் அமருக்குப் போச்சு. ராசய்யாவுக்கு ஆர்மோனியம் வந்தது. அந்த ஆர்மோனியத்தை அண்ணன் சுலபமா தொட விடமாட்டாராம். அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்து வாசிச்சுத்தான் தம்பி பழகினார்னு கதை. விவசாயக் குடும்பத்துல பிறந்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. ஏர் பிடிக்கவும் எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்தது இல்லை. அப்பா கஞ்சி குடிக்கப் போன நேரத்துல பிடிச்சுப் பார்த்ததுதான்.

அதே வருசம், லிவர்பூல்ல

1957 ஜூலை 6-ஆம் தேதி, இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் வூல்டன் என்கிற இடத்தில் ஒரு சர்ச் திருவிழா. ஊர்ப் பசங்க குழு ஒண்ணு லாரி மேல உட்கார்ந்து வாசிச்சுக்கிட்டு ஊர்வலத்துல போச்சு. அதில் பாடின பையன் ஜான் லென்னன், வயசு 16. அன்னிக்கு அவரைப் பார்க்க வந்த இன்னொரு பையன் பால் மெக்கார்ட்னி, வயசு 15. அப்ப பண்ணைப்புரத்து ராசய்யாவுக்கு 14.

அந்த மாதிரிக் குழுவுக்கு அங்க 'ஸ்கிஃபில் குரூப்'னு பேரு. பீட்டில்ஸ் உலகத்துக்குத் தெரியறதுக்கு முன்ன 1960-லேருந்து 1962 வரைக்கும் ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து மதுக்கடைகள்ல ராத்திரி ராத்திரியா மணிக்கணக்கில வாசிச்சாங்க. குடிச்சிட்டுக் கத்துற கூட்டத்தைப் பிடிச்சு வைக்கக் கத்துக்கிட்டது அங்கதான்னு எல்லாரும் எழுதுறாங்க. அதைப் பத்தி எத்தனையோ புத்தகம், படம்.

நம்ம ஆளுங்க அதே வேலையை அதே காலத்துல, அதைவிட அதிக வருசம் செஞ்சாங்க. அங்க மதுக்கடை, இங்க தோட்டத்து லயமும் ஊர்ச் சந்தியும். அங்க எலக்ட்ரிக் கிட்டார், இங்க ஆர்மோனியம், கரண்ட் இல்லாத ஊர்ல பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். அங்க பாட்டு காதலைப் பத்தி, இங்க கூலியைப் பத்தி.

20,000 மேடைன்னு ஒரு கணக்கு சுத்திட்டு இருக்கு. நான் விவசாயி, கணக்குப் போட்டுப் பார்க்காம விடமாட்டேன். பத்து வருசத்துக்கு 3,650 நாள். ஒரு நாள் விடாம, ஒரு நாளைக்கு அஞ்சு மேடைக்கு மேல பாடினாத்தான் 20,000 வரும். தேர்தல் நேரத்துல தெருமுனை தெருமுனையா ஒரே நாள்ல அஞ்சாறு இடத்துல பாடியிருப்பாங்க. மழைக்காலத்துல? அதனால அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்க மாட்டேன். பாதின்னு வச்சாலும், அதுல பாதின்னு வச்சாலும், 25 வயசுக்குள்ள அத்தனை ஆயிரம் தடவை ஜனத்து முன்னாடி நின்ன ஆள் எத்தனை பேர் இருப்பாங்க?

1964

1964 மே 27-ஆம் தேதி நேரு இறந்தார். கண்ணதாசன் ஒரு இரங்கற்பா எழுதினார். ராசய்யா அதுக்கு மெட்டுப் போட்டார். வயசு 21 ஆகலை. அவரு சொந்தமா இசையமைச்ச முதல் பாட்டுன்னு இதைத்தான் சொல்றாங்க. கம்யூனிஸ்ட் மேடைப் பாட்டுக்காரன், காங்கிரஸ் பிரதமர் செத்ததுக்கு, தி.மு.க.விலிருந்து வெளியே வந்த கவிஞர் எழுதின பாட்டுக்கு மெட்டுப் போடுறார். இதுல எனக்கு ஒரு விஷயம் தெரியுது. அதுவரைக்கும் அடுத்தவன் மெட்டுல தன் சொல்லை வச்சுப் பாடினவங்க, அங்க அடுத்தவர் சொல்லுக்குத் தன் மெட்டை வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேலை தலைகீழா மாறிடுச்சு.

அதே 1964-ல கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டா உடைஞ்சது. நேத்து வரைக்கும் ஒரே பாயில உட்கார்ந்து கூழ் குடிச்ச தோழர்கள் எதிரெதிர் மேடையில நின்னாங்க. 1967-ல தி.மு.க. ஆட்சிக்கு வந்துச்சு. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழவெண்மணியில கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள்ல 44 பேர் ஒரே குடிசையில எரிக்கப்பட்டாங்க. பாட்டு எதுக்குப் பாடினாங்களோ அந்தப் பிரச்சினை தீரலை. ஆனா பாடினவங்க வாழ்க்கை வேற பக்கம் திரும்புற நேரம் வந்துடுச்சு.

ரேடியோ விற்ற 400 ரூபாய்

1968 வாக்கில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இருந்த ரேடியோவை விற்று அம்மா 400 ரூபாய் கொடுத்து அனுப்பினதாக இளையராஜா பல இடத்தில் சொல்லியிருக்கிறார். அதில் தனக்கென்று பத்து ரூபாய் கூட அந்தம்மா எடுத்துக்கொள்ளவில்லையாம். பாட்டு கத்துக் குடுத்த ரேடியோவை வித்துத்தான் பாட்டுக்காரனை அனுப்பியிருக்காங்க.

சென்னையில் அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜா இருந்தார். சுகாதாரத் துறையில் வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ராசய்யா மேல்நாட்டு இசை படித்தார். ராசய்யாவை ராஜா ஆக்கினது மாஸ்டர்தான். காதால கத்துக்கிட்டதுக்கெல்லாம் காகிதத்துல ஒரு எழுத்து இருக்குன்னு அங்க தெரிஞ்சது. கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், மற்றவர்கள் பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பு. 1976-ல 'அன்னக்கிளி'. பஞ்சு அருணாசலம் பேருக்கு முன்னால 'இளைய' சேர்த்தார். இதுக்கு மேல உங்களுக்கே தெரியும், வேகமாப் போயிடுவோம். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவர் எழுதின சிம்பொனியை அரங்கேற்றியது வரைக்கும் செய்தியாகப் படிச்சிருப்பீங்க.

ஆனா வரதராஜன்? அவர் 1973-ல இறந்துட்டார். 'அன்னக்கிளி' வர இன்னும் மூணு வருசம் இருந்தது. தான் போட்ட மேடையிலேருந்து தம்பி எவ்வளவு தூரம் போனார்னு அவர் பார்க்கலை. தமிழ்நாட்டு டீக்கடை அத்தனையிலயும் தம்பி பாட்டு ஓடின அந்தக் காலத்தை அவர் காதால கேட்கலை.

தம்பிகள் மறக்கலை. பாஸ்கர் தொடங்கின படக் கம்பெனிக்கு 'பாவலர் கிரியேஷன்ஸ்'னுதான் பேரு. 1981-ல பாரதிராஜாவோட 'அலைகள் ஓய்வதில்லை' அந்தக் கம்பெனிப் படம். பாஸ்கர் 1992-ல காலமானார். 1989-ல கங்கை அமரன் எடுத்த 'கரகாட்டக்காரன்' எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஊர் ஊரா ஆட்டம் ஆடப் போற குழு, ஓட்டை வண்டி, குழுவுக்குள்ள சண்டை, ஆட்டத்துக்கு முந்தின நாள் பேரம். சிரிச்சுட்டுப் போயிட்டோம். மேடை மேடையா அலைஞ்ச ஆள் எடுத்த படம் அதுன்னு தெரிஞ்சு இன்னொரு தடவை பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

மூத்தவன் கணக்கு

பாவலர் பிரதர்ஸ் கதையை எல்லாரும் முன்னுரையாத்தான் சொல்றாங்க. 'இளையராஜா சினிமாவுக்கு வருமுன் அண்ணனின் குழுவில் பாடினார்'னு ஒரு வரி. அடுத்த வரி 'அன்னக்கிளி'. அந்த ஒரு வரிக்குள்ள பத்து வருச ராத்திரி அடங்கிக் கிடக்கு.

அந்தக் குழு தோத்துப்போன குழு இல்லை. எடுத்துக்கிட்ட வேலையை முழுசா செஞ்ச குழு. எழுத்துத் தெரியாத ஜனத்துக்கு அரசியல் சொல்லிக் குடுத்தது. கொழுந்து கிள்ளுறவங்க வாழ்க்கையும் பாட்டுல வைக்கத் தகுந்த விஷயம்தான்னு அவங்க முகத்துக்கு நேரா பாடிக் காட்டினது. சினிமாவுல கிராமத்துப் பாட்டு 'புதுசா' வந்துச்சுன்னு 1976-ல பேசிக்கிட்டாங்க. நகரத்துக்குத்தான் அது புதுசு. பாடினவருக்கு அது அத்தனை வருச மேடைப் பழக்கம். ஜனம் எந்த இடத்துல தலையாட்டும், எந்த இடத்துல கண்ணைத் துடைக்கும்னு ரீ-ரிக்கார்டிங் தியேட்டருக்குள்ள உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல முகம் முகமாப் பார்த்து வச்சிருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டினது மூத்தவர். நானும் எங்க வீட்டுல மூத்தவன். தம்பி ஐ.டி.ஐ. படிச்சு கம்பெனிக்குப் போனான், நான் கழனியில நின்னேன். வருத்தம் எல்லாம் இல்லை. யாராவது ஒருத்தர் நின்னாத்தான் இன்னொருத்தர் போக முடியும். அனுப்பி வச்சவன் பேரும் போனவன் பேரோட சேர்ந்து வந்தா நல்லா இருக்கும், அவ்வளவுதான். அதனால அடுத்த தடவை கார்ல இளையராஜா பாட்டு ஓடும்போது, பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 'வரதராஜன்'னு ஒரு பேரைச் சொல்லி வைங்க.

ஆயா விஷயத்துக்கு வர்றேன். இத்தனையும் அன்னிக்கு அவங்களுக்கு வரப்புல உட்கார்ந்து சொன்னேன். கேட்டுட்டு, "பாவம், பார்க்காம போயிட்டாரா" என்றார்கள். அப்புறம் நான் போனை எடுத்து, "நீங்க நடவுல பாடுறதைக் கொஞ்சம் பாடுங்க, பதிஞ்சு வச்சுக்கிறேன்" என்றேன். ரெண்டு தடவை தொண்டையைச் செருமினாங்க. ஆரம்பிச்சாங்க, நிறுத்திட்டாங்க.

"பின்பாட்டு எடுக்க ஆளு இல்லாம ஒத்தையில எப்படிப்பா பாடறது? அது நாலு பேரு குனிஞ்சு நட்டா தானா வரும்."

நியாயம்தான். நடவுப் பாட்டும் ஒரு குழுதான். ஒருத்தர் எடுத்துக் குடுக்கணும், பத்துப் பேர் வாங்கிக்கணும். வங்காளத்துப் பசங்க எங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சுட்டு மறுபடி சேத்துல இறங்கினாங்க.

வர்ற சொர்ணவாரிக்குக் கால் ஏக்கர் மட்டும் நம்ம ஊர் ஆளுங்களை வச்சே நடலாம்னு இருக்கேன். அவங்க வயசுக்காரங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க, கூட்டிட்டு வர்றேன்னு ஆயா சொல்லியிருக்காங்க. கூலி எவ்வளவு வேணும்னு கேட்டேன்.

"பாட்டுக்கா, நடவுக்கா?" என்றார்கள்.